பறி கவ்விய வாய்

பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்களுக்குத் தண்ணீரில் வாய் கிடையாது. ஊமைகள் என்று நினைத்துவிட வேண்டாம். கரையில் குந்தினால் ஒன்பது ஊர் வம்பையும் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆனால் ஏரியில் இறங்கிவிட்டால் வாய்க்கு வேறு வேலை வந்துவிடும். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். தொடையளவுத் தண்ணீரில் முட்டி போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய ஊர்ந்து போக வேண்டும். இரண்டு கையும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே இருக்கும். அகப்பட்டதைப் பறியில் போட்டுவிட்டுக் கை மறுபடியும் சேற்றுக்குப் போய்விடும். கெளுத்தி முள் குத்தினாலும் கத்த முடியாது. கத்தினால் பறி விழும், பறி விழுந்தால் அன்றைய கஞ்சி விழும்.

ஒற்றை ஆளாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் அபூர்வம். எதிரில் இன்னொருத்தி முட்டி போட்டு ஊர்ந்து வருவாள். இவள் கைக்குத் தப்பி விசுக்கென்று பின்பக்கமாய்த் துள்ளுகிற இறால் அவள் கையில் போய் விழும். அப்படி எதிரில் இருப்பவளை எதிர்க்கை என்பார்கள். கரையேறியதும் இருவர் பறியையும் ஒன்றாகக் கொட்டிச் சரிபாதி பிரித்துக்கொள்வார்கள். விரட்டினது ஒருத்தி, பிடித்தது ஒருத்தி, இதில் உனது எது எனது எது என்று பார்த்தால் ஏரியே சிரிக்கும் என்பது அவர்கள் பேச்சு.

கோரைமேட்டுக் குப்பத்தில் அங்கம்மாவுக்கு எதிர்க்கை அவளுடைய ஓரகத்தி ரங்கம்மாள். அண்ணன் பெண்டாட்டி மூத்தவள், தம்பி பெண்டாட்டி இளையவள். அங்கம்மா வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளே மூத்தவள் அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். அன்று தொட்டு அந்த நான்கு கைகளும் ஒரே சேற்றில்தான் கிடந்தன. அங்கம்மாவுக்குப் பெண் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவளும் ரங்கம்மாள்தான். செவந்தி என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

அங்கம்மாவின் புருஷன் ஒரு புயலில் படகோடு போனான். மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கிய உடலைத் தொடப் பலரும் தயங்கினார்கள். பறங்கியர் கட்டிவிட்டுப் போன மாதா கோயிலின் உபதேசியார் மாசிலாமணிதான் வந்து ஒரு பக்கம் தூக்கினார். குழி மூடுகிறவரை ஒரு செபமும் சொன்னார். அந்தச் செபத்தில் அங்கம்மாவுக்கு ஒரு விஷயம் பிடித்துப்போயிற்று. வாய் திறக்காமலே சொல்லலாமாம். கூழ் ஊற்ற வேண்டாம், சேவல் அறுக்க வேண்டாம், வாய் மூடியிருந்தாலும் கேட்கிற சாமியாம். நாள் முழுக்கப் பறி கவ்விக் கிடக்கிறவளுக்கு இதைவிடத் தோதான சாமி எங்கே கிடைக்கும்? தானும் மகளும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். உபதேசியார் அவளுக்கு மதலேனாள் என்று பேர் கொடுத்தார். குப்பத்தில் ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை, அங்கம்மா அங்கம்மாவாகவே இருந்தாள்.

செவந்திக்குச் சிலுவை போட மட்டும் சரியாக வராது. நெற்றி, மார்பு வரை ஒழுங்காகப் போகும் கை, இடது தோளா வலது தோளா என்று அங்கே நின்றுவிடும். தாய் பிடித்துத் திருப்பிவிடுவாள். பெண் சிரிக்கும்.

ஒல்லாந்தர் கோட்டையில் கொடி ஏறி இரண்டு தலைமுறை ஆன சமயம் அது. அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வாடைக்காற்று வெறும் காற்றாகவே வந்து போயிற்று. ஆறு வரவில்லை. ஆறு வராததால் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. கடல் உள்ளே வராத ஏரி வற்றி, உப்பு முற்றி, கரையோரம் வெள்ளையாய்ப் பூத்தது. இறால் குஞ்சு வர வழியில்லை. காட்டூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்களில் வயல் வெடித்தது. ரங்கம்மாளின் புருஷன் தருமன், உள்நாட்டில் கூலி கிடைக்கும் என்று மேற்கே நடந்தான். ஏரியில் மீனாவது இருக்கும் என்று உள்நாட்டுக் குடியானவர்கள் கிழக்கே நடந்து வந்தார்கள். இரண்டு கூட்டமும் வழியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கடந்தார்கள். தருமன் திரும்பி வரவில்லை.

கோட்டைக்கு அந்தண்டை ஒரு கப்பல் வியாபாரியின் கிட்டங்கி இருந்தது. முன்பு அதில் துணிப் பொதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். பஞ்சம் வந்ததும் ஆட்களை அடைத்து வைத்தார்கள். கடலுக்கு அப்பால் எங்கேயோ தோட்ட வேலைக்கு என்றார்கள். வியாபாரியின் தரகன் அரிசி மூட்டையோடு குப்பம் குப்பமாக வந்தான். பெற்றவர்கள் மனம் ஒப்பிக் கொடுத்தால்தான் பிள்ளையை வாங்குவான், திருட்டுப் பிள்ளையைத் தொடமாட்டான். அந்த அளவுக்கு யோக்கியன்.

வடகரையில் சேற்று நண்டு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கம்மா கிளம்பினாள். செவந்தியை ரங்கம்மாளிடம் விட்டாள். ரங்கம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகள், செவந்தி வயசில் வேலன் என்று ஒரு பையன், இன்னும் நடை பழகாத கஸ்தூரி. மூன்றும் உமரிக்கீரையும் கோரைக்கிழங்கும் தின்று வயிறு ஊதிக் கிடந்தன.

அங்கம்மா உலர்ந்த நண்டு கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது குப்பத்து எல்லையிலேயே சோறு வேகிற வாசனை வந்தது. அந்த வாசனையை மறந்தே போயிருந்தாள். அது ரங்கம்மாள் குடிசையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் மனசு துள்ளிற்று. தருமன் வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

"யக்கா, இன்னா வாசன இது? சோறா கீது? மாமா வந்துட்டாரா?"

ரங்கம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். "உக்காரு. ரெண்டு வாய் துன்னு."

"செவந்தி எங்க?"

"மொதல்ல துன்னுமே. நடந்து வந்திருக்கற. அப்பால பேசலாம்."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அங்கம்மாவின் கை, அவளைக் கேட்காமலே சட்டிக்குள் போயிற்று. சுடச்சுட ஒரு பிடி தின்றாள், இன்னொரு பிடியும் தின்றாள். உப்புக்கூட இல்லாத அந்தச் சோறு தித்தித்தது. மூன்றாவது பிடிதான் பாதியில் நின்றது. மூலையில் வேலன் படுத்திருந்தான். கஸ்தூரி அவன் பக்கத்தில் கிடந்தது. மூன்றாவதாக அங்கே ஒரு பிள்ளை இல்லை.

"யக்கா. எம்பொண்ணு எங்க?"

"நல்லா கீது. நல்ல எடத்துல கீது."

"எங்கன்னு கேக்கறேன்."

"கிட்டங்கில."

அங்கம்மா கையில் இருந்த சோறு அப்படியே இருந்தது. ரங்கம்மாள் அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமல் பேசினாள். பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அது.

"மூணும் செத்துடும்மே. கண்ணால பாத்துகினு கீறேன். ஒண்ண குடுத்தா மிச்சம் பொழைக்கும். யார குடுக்கறது? கஸ்தூரிய எவனும் வாங்க மாட்டான். வேலன குடுக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். எல்லையம்மா மேல சத்தியம், அப்படித்தான் நெனச்சேன். அப்பறம் ரோசன பண்ணேன். வேலனுக்கு அங்க யாரு கீறாங்க? நம்ம எல்லையம்மா கப்பலேறிக் கடல தாண்டி வருவாளா? உம்பொண்ணுக்கு அப்பிடி இல்ல. தலையில தண்ணி ஊத்தி கீது. அந்த வெள்ளக்காரனுங்களும் உஞ்சாமியத்தான கும்புடறானுங்க? கோட்டைக்குள்ள மணி அடிக்குதே, நீயுந்தான கேட்ட? தன் சாமி புள்ளைய எவனாச்சும் அடிப்பானா? பட்டினி போடுவானா? நெத்தியில கைய வெச்சிக் காட்டுடி, நம்ம புள்ளன்னு தெரிஞ்சிக்குவான்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

"பெத்தவ குடுத்தாத்தான வாங்குவான்?"

"எம்பொண்ணுன்னேன்." ரங்கம்மாள் முதல் தடவையாகத் திரும்பினாள். "பொய்யா அது? சொல்லு. பொய்யா?"

அங்கம்மா வெளியே ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டாள். குமட்டிக் குமட்டிக் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. எத்தனையோ நாள் கழித்துக் கிடைத்த சோற்றைத் திருப்பிக் கொடுக்க வயிறு சம்மதிக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எவ்வளவு கொடூரமான பழமொழி என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

உபதேசியார் மாசிலாமணி நல்ல மனுஷன், ஆனால் பலமில்லாத மனுஷன். இருமினால் விலா எலும்பு தனித்தனியாய் அசையும். பறங்கிப் பேச்சு கொஞ்சம் தெரியும் என்ற தைரியத்தில் அங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். அவளை வாசலோடு நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். சுவர் உயரமாக இருந்தது. உள்ளேயிருந்து நிறையப் பேர் இருமுகிற சத்தம் மட்டும் வந்தது. எந்த இருமல் தன் மகளுடையது என்று அங்கம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னா சொன்னாங்க உபதேசியாரே?"

"நம்ம ஞானஸ்நானம் வேறயாம், அவங்களுது வேறயாம்."

"சாமி ஒண்ணுதான?"

"அத்தத்தான் நானும் சொன்னேன். சிரிச்சானுங்க."

"பெத்தவ நானு. வாசல்ல நிக்கறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. தாயின்னு சொல்லி ஒருத்தி ஊரறியக் குடுத்துட்டுப் போயிட்டா, இப்ப இன்னொருத்தி தாயின்னு வந்து நிக்கறா, நாளைக்கி எத்தினி பேரு வருவீங்கன்னு கேக்கறானுங்க. அரிசிய மூட்டையோட திருப்பிக் குடுத்தா பாக்கலாம்னானுங்க."

அந்த அரிசியில் அங்கம்மாவும் இரண்டு பிடி தின்றிருந்தாள். அவள் திரும்பி நடந்தாள். மாதா கோயில் வாசலில் வந்து இருவரும் உட்கார்ந்தார்கள். உபதேசியாருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒன்றும் தோன்றாதபோது உபதேசம் பண்ணுவது அவர் தொழில்.

"செபத்த விடாதம்மா. முழுசா சொல்லு."

"முழுசா வரல. நமக்குத் தீம்பு பண்ணவங்கள நாம பொறுக்கற மாதிரின்னு ஒண்ணு வருதே, அந்த எடத்துல தாண்டிடறேன்."

"தாண்டக் கூடாதும்மா. பொறுத்தாத்தான் அவரும் பொறுப்பாரு. ஓட்டப் பறியில இறா நிக்குமா?"

அங்கம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "பொறுத்துட்டா எம்பொண்ணு வருமா?"

அங்கேதான் அவர் பிழை செய்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வராமலும் போகலாம், வராவிட்டாலும் பொறுக்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எந்த மனுஷனுக்கு நாக்கு வரும்? "வரும்னு நம்பும்மா" என்றார்.

அங்கம்மா நேராகக் குப்பத்துக்குப் போனாள். அதற்குள் வேலன் செத்திருந்தான். காய்ந்த குடலில் சோறு விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துப் போய்விட்டான். செவந்தியைக் கொடுத்து எவனைக் காப்பாற்ற நினைத்தாளோ அவனைக் குழியில் வைத்துவிட்டு, கைமண்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள் ரங்கம்மாள். அங்கம்மா மடியிலிருந்த உலர்ந்த நண்டில் சரிபாதி எடுத்து அவள் முன்னால் வைத்தாள். தெய்வத்துக்குக் காது கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னாள்:

"யக்கா, நான் உன்ன மன்னிச்சிட்டேன்."

ரங்கம்மாள் ஏதோ புரியாத பாஷையைக் கேட்டவளாக விழித்தாள். அங்கம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி தெய்வத்தின் முறை.

மறுநாள் காலையில் கப்பலில் புறப்பாட்டுக் கொடி ஏறிற்று.

பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். அலை தாண்டிப் போகிற, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளில்தான் சரக்கு ஏற்றுவார்கள். அன்றைக்குச் சரக்கு நடந்து வந்தது. கயிற்றில் கோத்த பெரியவர்கள் முன்னால், கயிறு தேவைப்படாத சிறுசுகள் பின்னால். கொண்டல் காற்று மணலை வாரி அடித்தது. காவல்காரர்கள் ஊராரைத் தள்ளியே நிறுத்திவிட்டார்கள். அங்கம்மா கத்தினாள். அலைச் சத்தத்தில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

செவந்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தக் கூட்டத்திலேயே கை அசைகிற பிள்ளை அது ஒன்றுதான். படகில் தூக்கி வைத்தவனுக்கு முன்னால் சிலுவை போட்டுக் காட்டியது. அவன் அதை நகர்த்தி உட்கார வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினான். துடுப்புக்காரனைப் பார்த்துப் போட்டது. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரன் ஏறி உட்கார்ந்தான், அவன் பக்கம் திரும்பிப் போட்டது. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். மறுபடியும் நெற்றி. வாழ்நாளெல்லாம் தடுமாறிய பிள்ளை அன்றைக்கு ஒரு தடவைகூடத் தோள் மாற்றிப் போடவில்லை. படகு அலை மேல் ஏறி இறங்கி மறைந்து மறுபடி தெரிந்தபோதும் அந்தச் சின்னக் கை நிற்கவில்லை. கடைசிவரை அது கரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டியவர்கள் படகில் இருப்பதாக அதற்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அங்கம்மா கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ரங்கம்மாள் குடிசைப் பக்கம் திரும்புவதை நிறுத்தினாள். ஏரிக்குத் தனியாகவே போனாள். அவள் கைக்குத் தப்பிய கொஞ்சநஞ்ச இறாலும் எதிரில் தடுக்க ஆளில்லாமல் எங்கேயோ போயிற்று.

செபத்தை மட்டும் அவள் விடவில்லை. பக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். பறியைக் கவ்வினால் மனசு தானாகவே செபம் தொடங்கிவிடும், அப்படிப் பழகியிருந்தாள். தாண்டிப்போன அந்த இடத்தில் இப்போது புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். ரங்கம்மா நாசமாய்ப் போகணும், அவள் வயிறு வெந்து சாகணும், அவள் வாயில் புழு நெளியணும், அவளைப் புதைக்க நாலு பேர் வரக்கூடாது, ஆமென். வசையில் வஞ்சகமில்லை. ஏரி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு ஊர்ந்தாள்.

உபதேசியார் சாந்தோமுக்குக் கிளம்பினார். அங்கே கோயிலில் கஞ்சி ஊற்றுகிறார்களாம். அங்கம்மா வழியில் பார்த்தாள்.

"போறீங்களா?"

"போறேம்மா." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அன்னிக்கி வரும்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதுலருந்து எனக்குச் செபமே வரல."

"எனக்கு வருது."

அவருக்கு ஆச்சரியம். "இன்னான்னு சொல்லி செபம் பண்ற?"

"அவ புழுத்துச் சாவணும்னு."

உபதேசியார் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். இருமல் வந்து அவரைக் காப்பாற்றியது. "அத்தையாவது விடாதம்மா" என்று சொல்லிவிட்டுத் தெற்கே நடந்தார். அவர் சாந்தோம் போய்ச் சேர்ந்தாரா என்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது.

வசைக்கும் தெம்பு வேண்டும். காலையில் ஒரு பிடிக் கீரையைத் தின்றுவிட்டு உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறவளால் எவ்வளவுதான் வைய முடியும்? முதலில் புதைக்கிற நாலு பேர் விட்டுப்போனார்கள். அப்புறம் புழு போயிற்று. சில நாளில் ரங்கம்மா நாசமாய்ப் போகணும் என்பது மட்டும் மிஞ்சியது. ஒருநாள் நண்டு விரலைக் கடித்து, வலியில் கண் இருட்டி, செபம் அந்த இடத்துக்கு வந்தபோது 'ரங்கம்மா' என்றாள், 'ஆமென்' என்றாள். நடுவில் இருந்ததை மறந்துவிட்டாள். அது தெரிந்து திகைத்துப் போனாள். மறுபடி நிறைத்துக்கொள்ளப் பார்த்தாள், சொற்கள் ஒட்டவில்லை. மறுநாளும் பேர் மட்டும்தான் வந்தது. அதற்கும் மறுநாள் அந்தப் பேருக்குப் பின்னால், அவளைக் கேட்காமலே, 'கஞ்சி குடிச்சாளோ என்னவோ' என்று வந்துவிட்டது.

அங்கம்மாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பெற்ற பெண்ணை விற்றவளுக்குக் கஞ்சிக் கவலையா என்று சேற்றைக் குத்தினாள். ஆனால் கரையேறியதும் கால் ரங்கம்மாள் குடிசைக்குத்தான் போயிற்று.

உள்ளே கஸ்தூரி தாயின் வறண்ட முலையைச் சப்பிக்கொண்டு முனகியது. ரங்கம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாய் இருந்தாள்.

"எழுந்திரு. தண்ணிக்குப் போலாம்."

ரங்கம்மாள் திரும்பினாள். கண்ணில் பயம் இருந்தது. "என்னக் கொல்லத்தான வந்த? கொன்னுடுமே. நல்லா இருப்ப."

"கொல்றதுக்குத் தெம்பு எங்க கீது? எழுந்திரு. ஒத்தக் கையா ஒண்ணும் ஆவல."

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் கூப்புடற?"

அங்கம்மா கஸ்தூரியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "தெரில. தெனம் உம்பேரச் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு."

கஸ்தூரியைக் கரையில் துணி விரித்துப் போட்டார்கள். தண்ணீர் விளிம்பில் வந்ததும் ரங்கம்மாள் நின்றுவிட்டாள்.

"ஒரு வார்த்த திட்டு. காறித் துப்பு. அப்பத்தான் எறங்குவேன்."

"திட்டித் தீத்துட்டேன்க்கா. எல்லாம் இந்தத் தண்ணியிலதான் கீது. எறங்கு."

"என் மூஞ்சப் பாத்துத் திட்டலியே."

"இப்ப பறி கவ்வணும்" என்றாள் அங்கம்மா. கவ்விக்கொண்டாள்.

இரண்டு பேரும் எதிரும் புதிருமாய் ஊர்ந்தார்கள். சேற்றுக்குள் ஒருமுறை நாலு கையும் முட்டிக்கொண்டன. ரங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். அங்கம்மா தேடிப் பிடித்து முன்னிருந்த இடத்திலேயே வைத்தாள். அன்பு என்றால் நெஞ்சு நெகிழும், கண் கசியும் என்றெல்லாம் அவள் கேள்விப்பட்டிருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு கல்லாகத்தான் இருந்தது. கை மட்டும் அதன் வேலையைச் செய்தது. கரையேறி அற்பசொற்பத்தைக் கொட்டிச் சரிபாதி பிரித்தார்கள்.

பிரிக்கும்போது ரங்கம்மாள் தலை குனிந்தபடி கேட்டாள். "பொண்ணு வந்துடுமா? உஞ்சாமிகிட்ட கேக்கறியா?"

"வராது. நான் அத்தக் கேக்கறதில்ல இப்ப."

"வேற இன்னாத்த கேக்கற?"

"அது போன எடத்துலயும் எதுனா வேல செய்ய வெப்பாங்க இல்ல. அது எதிர்ல எவளாவது ஒருத்தி கை வெக்கணும்னு கேக்கறேன்."

ரங்கம்மாள் அப்போதுதான் அழுதாள். வேலனுக்கும் சேர்த்து அழுதாள். அங்கம்மா அழவில்லை, தேற்றவும் இல்லை. அவள் பங்கிலிருந்து ஒரு இறாலை எடுத்து ரங்கம்மாள் பங்கில் போட்டாள்.

இதற்குப் பிறகு மழை வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ரங்கம்மாள் மூன்று வாரம்போல எதிர்க்கையாக வந்தாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. தன் பங்குக் கஞ்சியை ஒளித்து வைத்துக் கஸ்தூரிக்கு ஊற்றிவந்தாள் என்பது கடைசியில்தான் தெரிந்தது. சாகிற அன்று, "இத்தயும் உன் சாமிகிட்ட உட்டுடாதமே" என்று குழந்தையைக் காட்டிச் சொன்னாள். அந்தச் சாமி மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அங்கம்மா ஒற்றை ஆளாகக் குழி தோண்டினாள். புதைக்க நாலு பேர் வரவில்லை. தான் கேட்டிருந்தது பலித்துவிட்டதே என்று மண்ணைத் தள்ளும்போது அவளுக்கு நினைவு வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆடி முடியும் சமயம் தரகன் மறுபடி வந்தான். அவன் ஆள் தோளில் அரிசி மூட்டை இருந்தது. ஏரி விளிம்பில், இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தவளைப் பார்த்து நின்றான்.

"யாரு பொண்ணு இது?"

"எம்பொண்ணு."

கஸ்தூரி புது ஆளைப் பார்த்ததும், அங்கம்மா தினம் செய்வதைப் பார்த்துப் பழகிய தோஷத்தில், நெற்றிக்குக் கையைக் கொண்டுபோயிற்று. அங்கம்மா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"சின்னதுதான். ஆனா இப்ப இதுமாதிரியும் எடுத்துக்கறாங்க. கப்பல் நிக்குது" என்றான் தரகன். கொடுமைக்காரனாகப் பேசவில்லை. அலுத்துப்போனவனாகத்தான் பேசினான். "மழையும் இல்ல, மீனும் இல்ல. நீயும் பொழைப்ப, அதுவும் பொழைக்கும். இங்க வெச்சிகினு இன்னா பண்ணப் போற? சாவறதப் பாத்துகினு இருக்கப் போறியா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. மூட்டையிலிருந்து அரிசி வாசனை வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பறியை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"உம்பேரு இன்னா?"

பேரம் படியப்போகிறது என்று தரகனுக்குச் சந்தோஷம். "கங்காதரன்" என்றான். "ஏன்?"

அந்தப் பேரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். செபத்தில் அதோடு முதலில் வசைதான் வரும், அது அவளுக்குத் தெரியும். பறியைக் கவ்வினாள். குழந்தையோடு தண்ணீரில் இறங்கி, முழங்காலளவு கூட இல்லாத இடத்தில் அதை எதிரில் உட்கார வைத்து, அந்தச் சின்னக் கைகள் இரண்டையும் பிடித்துச் சேற்றுக்குள் வைத்தாள்.

தரகன் கரையில் அரிசி மூட்டையை இறக்கச் சொன்னான். அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அவசரமில்லை.